நாற்பத்தொரு குறிப்புகளும் ஒரு விடுதலைப் பத்திரமும்

1

இந்த வருடம் ஜனவரியில் என் அலுவலகத்தில் எனக்கு ஒரு குடை கொடுத்தார்கள். பத்து வருடம் வேலை பார்த்தவர்களுக்குக் குடை. இருபது வருடம் என்றால் மேசைக் கடிகாரம். முப்பது வருடம் முடித்த ஒருவர் கீழ்த்தளத்தில் இருக்கிறார். உங்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று அவரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஜன்னல் ஓர இருக்கை என்றார்.

குடை கருநீல நிறம். விளிம்பைச் சுற்றி எங்கள் அமைப்பின் பெயர் வெள்ளை எழுத்தில் ஓடுகிறது. மேலாளர் ஹெலன் சின்னதாக ஓர் உரை ஆற்றினார். "செல்வியின் கண்ணுக்குத் தப்பி ஒரு பிழைகூட இந்தக் கட்டடத்தைவிட்டு வெளியே போனதில்லை" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கேக் வெட்டினோம். அன்றைக்கு என் அண்ணன் என்னோடு பேசி ஏழு மாதம் ஆகியிருந்தது. காரணம் அதே கண்தான். கைதட்டலுக்கு நடுவில் அதைச் சொல்ல வழியில்லை.

ஊரில் என்னைப் பற்றி, லண்டனில் வக்கீலாக இருக்கிறாள் என்று பேச்சு. இரண்டும் தவறு. நான் இருப்பது லண்டனிலிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்தில் உள்ள ஒரு சின்ன ஊர். நான் வக்கீலும் இல்லை. ஒரு காலத்தில் இருந்தேன். திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலேறி, விழுப்புரம் கோர்ட்டில் மூன்று வருடம் ஜூனியராக வாய்தா வாங்கிக்கொண்டிருந்தேன். பிறகு கல்யாணம், கணவருக்கு இங்கே வேலை, எனக்கு விசா. இங்கே என் சட்டப் பட்டம் செல்லுபடியாக வேண்டும் என்றால் மறுபடியும் தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். நான் அந்தத் தேர்வை எழுதவில்லை. அந்தத் தேர்வை எழுதுகிறவர்களுக்கான புத்தகத்தைத் திருத்தும் வேலையில் சேர்ந்துவிட்டேன்.

வழக்கறிஞர்களுக்கு இங்கே இருக்கும் தொழில் அமைப்புகளில் ஒன்று, புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குப் பாடநூல்கள் வெளியிடுகிறது. உயில், வீடு விற்பனை, கட்சிக்காரரிடம் பேசும் முறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தகம். சட்டம் மாறிக்கொண்டே இருப்பதால் வருடா வருடம் புதிய பதிப்பு. எழுதுகிறவர்கள் எல்லோரும் பெரிய வக்கீல்கள். தாமதமாக எழுதுவார்கள், நீளமாக எழுதுவார்கள். அதை நான் வரி வரியாகப் படித்து ஓரத்தில் எண் போட்டுக் குறிப்பு எழுத வேண்டும். ‘இந்த இரண்டு சொல்லும் ஒரே பொருள்தானே, ஒன்றை எடுத்துவிடலாமா?’ ‘எந்தப் பிரிவு?’ ‘ஆதாரம்?’ என்பது மாதிரி. எழுதியவர் ஒவ்வொரு குறிப்புக்கும் பதில் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். பதில் வராத குறிப்பு ஒன்று மிச்சமிருந்தாலும் புத்தகம் அச்சுக்குப் போகாது.

எங்கள் தொழிலில் இன்னொரு வழக்கமும் உண்டு. நாம் திருத்தியது தவறு, முதலில் இருந்ததே சரி என்று தெரிந்தால், அடித்த வரிக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து ஓரத்தில் ஒரு லத்தீன் சொல்லை எழுத வேண்டும். தமிழில் அதற்கு ‘இருக்கட்டும்’ என்று அர்த்தம். பத்து வருடத்தில் நான் அதை எழுதிய தடவைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

2

பாடநூலில் பயிற்சிக் கேள்விகள் வரும். ‘இன்னார் தன் நிலத்தை விற்க உங்களிடம் வருகிறார். நீங்கள் முதலில் கேட்க வேண்டியவை எவை?’ அந்த இன்னாருக்குப் பெயர் வைப்பது என் பொறுப்பு. சேர்ந்த புதிதில், ஒரு கேள்வியில் நிலம் விற்கும் விவசாயிக்கு ஏழுமலை என்று பெயர் வைத்தேன். ஏழுமலை என் அண்ணன். என்னைவிட ஒன்றரை வயது மூத்தவர். திண்டிவனத்துக்குப் பக்கத்தில், மயிலம் போகிற வழியில் எங்கள் ஊர். அங்கே அவர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை போடுகிறார், மாடு வைத்திருக்கிறார்.

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் அதைப் பெரிதாக அச்செடுத்து வீட்டில் மாட்டிவைத்தார். அடுத்த பதிப்புக்கு முன்னால், இந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று இரண்டு மாணவர்கள் கடிதம் போட்டார்கள். ஹெலன் மிகவும் மரியாதையாக, வேறு பெயர் யோசிக்க முடியுமா என்று கேட்டார். ஏழுமலை எலியட் ஆனார். நிலமும் கேள்வியும் மாறவில்லை. அண்ணனிடம் நான் இதைச் சொல்லவில்லை.

அண்ணன் பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் வரை போனவர். அரியர் விழுந்து நின்றுவிட்டார் என்று வீட்டில் சொன்னார்கள். நான் அப்போது சென்னையில் சட்டக் கல்லூரி விடுதியில் முதல் வருடம். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் "அரியர் ஏழுமலை வந்துட்டாரு" என்று கிண்டல் செய்வேன். அவர் கல்யாண மேடையிலும் செய்தேன். அவர் சிரிப்பார். கிண்டலுக்குச் சிரிக்கத் தெரிந்தவர் என்று எனக்கு அவரைப் பிடிக்கும்.

3

அம்மா முன்பே போய்விட்டார். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. எங்களுக்கு இருப்பது ஒரு வீடு, ஒன்றரை ஏக்கர் கொல்லை, ஒரு கிணறு. பட்டாவில் எங்கள் இரண்டு பேர் பெயரும் சேர்ந்து இருக்கிறது. போன வருடம் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தார்.

"செல்வி, கெணத்து மோட்டாரு கரண்டு சர்வீசு இன்னும் அப்பா பேர்லயே கீது. இ.பி. ஆபீசுல போய்க் கேட்டா, பட்டா ஒத்தப் பேர்ல இருந்தாதான் மாத்துவோம்ன்றாங்க. நீ உன் பங்க எனக்கு வுட்டுக்குடுத்து ஒரு விடுதலப் பத்திரம் எழுதிக் குடுத்தினா வேல முடிஞ்சிடும்."

"குடுத்துடறேண்ணா. இத கேக்கறதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ தயங்கிக்கினு இருக்க?"

"இல்ல, கூடப் பொறந்தவகிட்ட வாங்கறது. அப்பறம் யாரும் ஒண்ணு சொல்லக்கூடாது பாரு."

எனக்கு அந்தக் கொல்லையில் பங்கு வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அதில் வெயிலில் நின்றது அவர். கையெழுத்துப் போடுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததைக் கேட்டவர்கள் யாரும் இதை நம்பவில்லை.

ஜூன் மாதம் வரைவு வந்தது. எழுதியவர் ராமலிங்கம். திண்டிவனத்தில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே கடை போட்டு, எங்கள் அப்பா காலத்திலிருந்து பத்திரம் எழுதுகிறவர். பத்திரம் நான்கு பக்கம். நான் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் அதைக் கணினியில் திறந்தேன். படிப்பதற்குத்தான் திறந்தேன். கை தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது.

‘ஏகமனதாக’ என்று இருந்தது. எழுதிக்கொடுப்பவர் ஒருவர்தானே, எப்படி ஏகமனது? குறிப்பு 3. ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’. அண்ணனுக்கு இருப்பது ஒரே மகள். சொல் பொருந்தவில்லை, குறிப்பு 9. ‘சூரிய சந்திரர் உள்ளவரை’. கால வரம்பு தெளிவாக இல்லை, குறிப்பு 14. செக்குபந்தியில், அதாவது கொல்லைக்கு நான்கு பக்கமும் யார் நிலம் என்று சொல்லும் இடத்தில், கந்தசாமி நிலத்தைக் கிழக்கே போட்டிருந்தார் ராமலிங்கம். கந்தசாமி நிலம் மேற்கே. குறிப்பு 27. ‘எனக்குச் சேர வேண்டிய பாகத்துக்கு ஈடானதை நான் ஏற்கெனவே பெற்றுக்கொண்டு திருப்தியடைந்துவிட்டபடியால்’ என்று ஒரு வரி. அதன் ஓரத்தில், வழக்கமாக நான் எழுதுவதை எழுதினேன். குறிப்பு 31: ‘ஆதாரம்?’

மொத்தம் நாற்பத்தொரு குறிப்புகள். மேலே ஒரு கடிதமும் வைத்தேன். இங்கே எழுத்தாளருக்கு அனுப்பும் கடிதத்துக்கு ஒரு வாய்பாடு உண்டு. முதலில் பாராட்டு, அப்புறம் ‘ஒருசில சிறு குறிப்புகள்’. அனுபவப்பட்ட எழுத்தாளர்கள் அந்த வரியைப் பார்த்ததும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிடுவார்கள். நான் அதை அப்படியே தமிழாக்கி அண்ணனுக்கு எழுதினேன். ‘மிக நல்ல வரைவு. ஒருசில சிறு குறிப்புகள் மட்டும். ஒவ்வொரு குறிப்புக்கும் பக்க ஓரத்தில் பதில் எழுதி அனுப்பவும்.’ ராமலிங்கத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு, மிச்சம் இருந்த சாண்ட்விச்சைச் சாப்பிட்டேன்.

4

கட்சிக்காரருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்று எங்கள் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதன் முதல் பத்தி இப்படிச் சொல்கிறது: அவருக்கு மிக முக்கியமானதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். என் அண்ணனுக்கு மிக முக்கியமானது, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்பது. அதை நான் கடிதத்தில் எங்கேயும் எழுதவில்லை. அந்த அத்தியாயத்தை வருடா வருடம் திருத்துவது நான்தான்.

நடந்ததை அண்ணி போனில் சொன்னார்.

"இன்னா செல்வி, இப்புடிப் பண்ணிட்ட? அந்தக் கடையில பத்துப் பேரு குந்திக்கினு இருக்காங்க. கலருல பிரிண்டு வருது. ஒரே செவப்பு. ராமலிங்கம் பெரிசா படிக்கிறாரு, ‘ஆதாரம் கேக்கறாங்கப்பா உங்க தங்கச்சி’ன்னு. இவரு அப்புடியே எழுந்து வந்துட்டாரு. ஒரு வாய் தண்ணி குடிக்கல."

"அண்ணி, அது எங்க ஆபீசு வழக்கம். எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவேன்."

"இவரு எல்லாருமா?"

அண்ணனுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினேன்: ‘அண்ணா, அவை வெறும் பதிப்பாசிரியர் குறிப்புகள். தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.’ அதுவும் அலுவலக வாய்பாடுதான் என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது. இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

நேரில் போகாமல் இந்தியத் தூதரகம் வழியாக ஒரு பவர் பத்திரம் அனுப்பி முடித்துவிடலாமா என்று பார்த்தேன். முதல் சிக்கல் என் பெயர். பட்டாவில் அப்பா பெயரோடு இருக்கிறேன், பாஸ்போர்ட்டில் கணவர் பெயரோடு இருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று நான் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். தந்தேன். அதற்குச் சாட்சியாக, என்னை இரண்டு பெயரிலும் அறிந்த ஒருவர் வேண்டும் என்றார்கள். கணவரைக் கூட்டிப்போனேன். அவர் உங்களை முதல் பெயரில் எவ்வளவு காலம் அறிவார் என்று கேட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு அரை மணி நேரம், பெண் பார்க்க வந்தபோது. அது போதாது என்றார்கள்.

அந்தப் படிவத்தில், பவர் வாங்குகிறவர் உங்களுக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம். ‘அண்ணன்’ என்று எழுதினேன். உறவு தற்போது நடைமுறையில் இருப்பதற்கான சான்றை இணைக்கவும் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. பேனாவை மூடிவைத்துவிட்டேன்.

என் மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. நான் படிவத்தோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, என்ன விஷயம் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அந்தச் சிவப்புப் பக்கங்களைக் கணினியில் பார்த்தாள். தமிழ் அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனால் சிவப்பைப் படிக்க எழுத்துத் தேவையில்லை.

"மாமா மேல தப்பே இல்லம்மா. நீ எனக்கும் இதான பண்ண? கார்டு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அவள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, என் பிறந்தநாளுக்குத் தன் கையால் ஒரு அட்டை செய்து தந்தாள். ‘அம்மாவுக்கு பிறந்தநாள் வாழ்த்துக்கள்’ என்று கோணல் மாணலாக எழுதியிருந்தாள். கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, பேனாவை எடுத்து ஒரு ‘ப்’ சேர்த்து, ஒரு ‘க்’கை அடித்தேன். அடுத்த வருடம் கடையில் வாங்கிய அட்டை வந்தது. அதற்கடுத்த வருடம் அவள் தமிழ்ப் பள்ளியை நிறுத்திக்கொண்டாள். இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ போய் ஸாரி சொல்லு. மெயில் பண்ணாத. போ" என்றாள். அவள் சொன்ன தமிழில் திருத்த ஒன்றும் இல்லை.

5

பிப்ரவரியில் தனியாகக் கிளம்பினேன். சென்னையில் இறங்கி, பஸ் பிடித்து, திண்டிவனத்தில் இறங்கியபோது காலை பத்து மணி. முன்பெல்லாம் அண்ணன் பைக்கோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பார். அன்றைக்கு யாரும் இல்லை. வருகிறேன் என்று அண்ணிக்கு மட்டும் சொல்லியிருந்தேன். ஷேர் ஆட்டோவில் ஊருக்குப் போனேன். ஆட்டோவில் எனக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு மல்லாட்டையும், அதற்கு அந்தப் பக்கம் அதன் சொந்தக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"வாங்க. பஸ்ஸு கூட்டமா இருந்துச்சுங்களா?"

என் வாழ்நாளில் அவர் என்னை ‘வாங்க’ என்று கூப்பிட்டதில்லை. வக்கீல் கோட்டுப் போட்டுக்கொண்டு முதல் நாள் வீட்டிலிருந்து இறங்கியபோதும் ‘வா, டிபன் பாக்ஸ மறந்துட்ட பாரு’ என்றுதான் கூப்பிட்டார். மரியாதையாக நடத்தப்படுவது இவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

"கூட்டம் இல்லண்ணா" என்றேன்.

அண்ணி சோறு போட்டார். அண்ணன் எதிரில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க என்று இரண்டு தடவை சொன்னார். அண்ணி குழம்பு ஊற்றித் தந்தபோது, பத்து வருடப் பழக்கத்தில் எனக்கு ‘தேங்க்யூ அண்ணி’ என்று வந்துவிட்டது. அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டார். சொந்த வீட்டில் இரண்டு விருந்தாளிகள் போல நாங்கள் சாப்பிட்டு முடித்தோம்.

நான் ஸாரி சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ராமலிங்கம் வரச் சொல்லியிருக்காரு. அங்க பேசிக்கலாங்க."

சுவரில் அந்தப் பாடநூல் பக்கம் இன்னும் மாட்டியிருந்தது. வெயில் பட்டு எழுத்து மங்கி, ஏழுமலை என்பதில் பாதிதான் தெரிந்தது.

அவர் கொல்லைக்குப் போன பிறகு அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மொதல்ல ரொம்பக் கோவம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆறேழு மாசம் அந்தப் பேப்பர பீரோ மேல போட்டவரு தொடவே இல்ல. பொங்கல் போனப்பறம் ஒரு நாளு எடுத்தாரு. அதுலேர்ந்து மத்தியானம் துன்னு முடிச்சதும் பேனாவும் கையுமா குந்திக்கினு இருந்தாரு. இன்னான்னு கேட்டா, அவ பதில் எழுதச் சொல்லிக்கிறா, நான் எழுதறேன்னாரு. என்கிட்டகூடக் காட்டல."

நான் அதைக் கேட்டுப் பயந்தேன். நாற்பத்தொரு பதில் எழுதுகிற அளவுக்கு ஒருவர் உட்கார்ந்தார் என்றால், அவர் இந்த உறவை முறையாக முடிக்கப்போகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. எங்கள் எழுத்தாளர்களில் இரண்டு பேர் அப்படித்தான் எல்லாக் குறிப்புக்கும் பதில் எழுதி அனுப்பிவிட்டு, அதற்குக் கீழேயே விலகல் கடிதமும் வைத்திருந்தார்கள்.

6

ராமலிங்கத்தின் கடையில் இரண்டு பெஞ்சு, ஒரு கணினி, ஒரு மேசை விசிறி. பெஞ்சில் ஆறேழு பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ராமலிங்கம் எழுந்து நாற்காலியைத் துடைத்தார்.

"வாங்கம்மா. நாப்பது வருசத்துல என் பத்திரத்துல இத்தினி செவப்பு பார்த்தது இல்ல. பரிட்சையில ஃபெயிலான மாதிரி ஆயிடுச்சு எனக்கு."

மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையாகக் கையை ஆட்டினார். நான்கு பக்கப் பத்திரம் என் குறிப்புகளோடு அச்சாகி ஒன்பது பக்கம் ஆகியிருந்தது; அண்ணன் அதை மஞ்சப் பையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார். என் சிவப்புக் குறிப்புகளுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் நீல மையில் அவர் கையெழுத்து. எண் போட்டு, ஒன்றுகூட விடாமல்.

"எல்லாத்துக்கும் பதில் எழுதிட்டேங்க. படிச்சுப் பாத்துட்டு, சரின்னா கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா வுட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார்.

படித்தேன். எங்கள் அலுவலகத்தில் இவ்வளவு ஒழுங்காகப் பதில் எழுதும் எழுத்தாளர் யாரும் இல்லை.

3. ஒருவரே எப்படி ஏகமனது? – ‘ஒரு ஆளுக்குள்ளயே பத்து மனசு இருக்கும். எல்லாம் ஒண்ணா சேந்தாதான் கையெழுத்து வரும்.’

9. புத்திர பௌத்திர? – ‘பொண்ணும் அதுல அடக்கம்னு ராமலிங்கம் சொல்றாரு. உன் பொண்ணையும் சேத்துக்கோ.’

14. சூரிய சந்திரர் உள்ளவரை, கால வரம்பு தெளிவில்லை. – ‘அதுக்கு மேல நமக்கு வேணாம்.’

27. கந்தசாமி நிலம் மேற்கே அல்லவா? – ‘நீ சொன்னதுதான் கரெக்டு. போய் நின்னு பாத்துட்டு வந்தேன். மாத்தச் சொல்லிட்டேன். நல்ல வேளை.’

எல்லாவற்றிலும் ‘நீ’ என்றே எழுதியிருந்தார். வாய்தான் வாங்க போங்க என்றது. 31க்கு வந்தேன். என் கேள்வி ஒரே சொல். அவர் பதில் அந்தப் பக்கத்தின் ஓரம் முழுக்க இறங்கி, கீழே திரும்பி, பின்பக்கம் போயிருந்தது.

‘நான் பாலிடெக்னிக்ல ஃபெயிலாவல. அப்பாவுக்குக் கால்ல ஆப்ரேசன் பண்ணி விழுப்புரம் ஆஸ்பத்திரில இருந்தப்போ, ரெண்டு பேரயும் ஹாஸ்டல்ல வெக்க முடியாது, கொல்லையையும் பாக்க ஆளு இல்லன்னாரு. உன்ன நிறுத்தறேன்னுதான் சொன்னாரு. நான் நின்னுக்கறேன்னு சொன்னேன். உனக்குத் தெரிஞ்சா நீ படிக்க மாட்ட, அதனால அரியர்னு சொல்லச் சொன்னேன். மார்க் ஷீட்டு பீரோவுல கீழ் தட்டுல இருக்கு, எல்லாம் பாஸ். உனக்குச் சேர வேண்டியது வந்துடுச்சின்னு நான் எழுதச் சொன்னது இத நெனச்சுதான். உன் கல்யாணத்துக்குப் போட்ட நகைய நெனச்சு இல்ல. இத பத்திரத்துல போடாத. தப்பா இருந்தா அந்த வரிய அடிச்சுடு.’

நான் அழுதேன். பத்திரம் எழுதும் கடையில் யாராவது அழுவது புதிதில்லை போலிருக்கிறது. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ராமலிங்கம் விசிறியை என் பக்கம் திருப்பிவைத்துவிட்டு அடுத்தவருடைய ஆதார் எண்ணைக் கேட்டார்.

இருபத்தெட்டு வருடம் அவரை நான் அரியர் என்று கூப்பிட்டிருக்கிறேன். ஒரு தடவை மைக்கில்.

பிறகு பேனா வாங்கி, ‘ஏற்கெனவே பெற்றுக்கொண்டு திருப்தியடைந்துவிட்டபடியால்’ என்ற வரிக்குக் கீழே ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தேன். ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதினேன். அந்த வரி முடிந்ததும் அடுத்த வரிக்கு வைத்தேன். ஏகமனது, புத்திர பௌத்திரம், சூரிய சந்திரர், எல்லாவற்றுக்கும் வைத்தேன். ராமலிங்கம் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கோலம் போடறீங்க?"

"நீங்க எழுதுனது எழுதுனபடியே இருக்கட்டும் சார். கந்தசாமி மட்டும் மேற்க."

"அது அப்பவே மாத்தியாச்சு. மீதியத்தான் நான் மாத்தவே இல்லியே" என்றார்.

7

பதிவு அலுவலகத்தில் எங்கள் டோக்கன் வர மதியம் ஆனது. அண்ணன் என் பக்கத்தில் நின்றார். நான் அவரைப் பார்த்தேன், அவர் சுவரில் இருந்த கட்டண அட்டவணையைப் பார்த்தார். கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். பெருவிரலை வைக்கச் சொன்னார்கள். சார்பதிவாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எல்லோரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டார்.

"யாரும் கட்டாயப்படுத்தலியேம்மா?"

"இல்ல சார்."

"உங்களுக்குச் சேர வேண்டியது வந்துடுச்சா?"

"வந்துடுச்சு சார்."

"எப்போ வந்துச்சு?"

"இருவத்தெட்டு வருசம் ஆச்சு சார். எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. முத்திரையைக் குத்திவிட்டு, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

வெளியே வெயில் கொளுத்தியது. பைக் தூரத்தில் புளியமரத்தடியில் நின்றது. நான் பையிலிருந்து குடையை எடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். இது உனக்குத்தான் என்றேன். அவர் விரித்து, விளிம்பில் இருந்த எழுத்தைச் சுற்றிச் சுற்றிப் படித்தார்.

"உங்க ஆபீசா? அந்தப் பொஸ்தகத்துல நான் இன்னும் கொல்லைய வித்துக்கினுதான் இருக்கேனா?"

பத்து வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். "இல்லண்ணா. உன் பேர எடுத்துட்டாங்க. இப்ப எலியட்டுன்னு ஒருத்தரு விக்கிறாரு."

"நல்லதாப் போச்சு. நான் விக்கற மாதிரி நீ எழுதினது எனக்கு அன்னிக்கே புடிக்கல. ஆசையா எழுதிட்டியேன்னு மாட்டி வெச்சேன்" என்றார். பிறகு குடையைச் சாய்த்துப் பிடித்தார்.

"இன்னா தள்ளி நிக்கிற? கிட்ட வா, வெயிலு."